எல்சிக் கோழிக்கு மஞ்சள் பூசிய மாரி

1

மகன் நிரோஜன், மகள் தர்ஷி, உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா எழுதுவது.

நீங்கள் இதை உடனே வாசிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். தர்ஷி எழுத்துக் கூட்டி வாசிப்பாள், ஒரு பக்கம் முடிவதற்குள் களைத்துப்போய்த் தேத்தண்ணி கேட்பாள். நிரோஜனுக்கு நன்றாக வாசிக்க வரும், நேரம்தான் வராது. அதனால் இதை ஊரில் உங்கள் பெரிய மாமாவுக்கு அனுப்புகிறேன். கோயில் மலரில் இடம் இருந்தால் போடட்டும். ஊர்ச்சனம் வாசித்துவிட்டு, அப்பா கோழிக்குச் செய்த வேலை என்ன என்று உங்களுக்குப் போன் எடுத்துக் கேட்கும். அப்போதாவது வாசிப்பீர்கள்.

போன கிழமை பொங்கல் கொண்டாட்டத்தில், மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், நிரோஜன் மைக்கைப் பிடித்து மஞ்சள் கோழிக் கதையைச் சொன்னான். நான் எப்படி நடப்பேன், எப்படி இங்கிலீஸ் பேசுவேன் என்றெல்லாம் செய்து காட்டினான். கடைசியில் கோழிக்குத் தலைமயிர் காய வைக்கிற மெசின் பிடித்த கட்டத்தையும் நடித்தான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்லக்கூடாது. அம்மா மட்டும் அந்தக் கட்டத்தில் எழும்பிப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். நீ கவனித்திருக்க மாட்டாய் மகன். நீ அந்த நேரம் கோழி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தாய்.

உன் கதையில் பெரிய பிழை இல்லை. ஆனால் அது நடந்தபோது நீ இங்கே இல்லை. தர்ஷியும் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தால் சுணங்கித்தான் வந்தாள். ஆகவே இருந்தவன் எழுதுகிறேன்.

2

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் டொரீனைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி, எழுபது தாண்டியவர். நாங்கள் இந்த ஊருக்கு வந்து சாமான் இறக்கிய அன்றே, வேலிக்கு மேலால் ஒரு பெட்டி முட்டையை நீட்டிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனவர். அவருடைய புருசன் ஜோர்ஜ் போன கோடையில் மோசம் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. பின்வளவில் மூன்று கோழிகள். டில்லி, பாம், எல்சி. எல்சிக்கு ஒன்பது வயது.

எங்கள் ஊரில் கோழிக்கு ஒன்பது வயது வராது. அதற்கு முன்னம் மருமகன் வந்துவிடுவான். இங்கே அப்படியில்லை. எல்சி முட்டை போட்டுப் பல வருடமாம். மற்ற இரண்டும் நினைத்தால் போடும். முட்டையும் இல்லை, கறியும் இல்லை, மறுகா என்னத்துக்குத் தீனி என்று அம்மா என்னிடம் கேட்டார். நான் டொரீனிடம் கேட்கவில்லை. கேட்கிற இங்கிலீசும் என்னிடம் இல்லை.

மார்கழி தொடக்கத்தில் டொரீனுக்கு இடுப்பு எலும்பில் சத்திரசிகிச்சை. கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி, அங்கிருந்து தங்கச்சி வீடு, நத்தாருக்கு முன், டொரீன் சொன்னபடி கிறிஸ்மசுக்கு முன், வீடு திரும்புவது என்று ஏற்பாடு. போவதற்கு முதல் நாள் கூட்டுப் பூட்டின் திறப்பையும் தீனி மூட்டையையும் என்னிடம் தந்தார். நிறைய விசயம் சொன்னார். காற்று வேண்டும், ஆனால் காற்றுப் படக்கூடாது என்று ஒன்று சொன்னார். அவருடைய பாசையில் அதற்கு இரண்டு சொல். எனக்கு இரண்டும் காற்றுதான். தலையாட்டினேன். விளங்காத இடத்தில் தலையாட்டுவதுதான் நான் இந்த நாட்டில் முதலில் பழகிய பாசை.

ஆனால் கடைசியாகச் சொன்னது விளங்கியது. எல்சி, ஜோர்ஜ் உள்ளங்கையில் வைத்து வளர்த்த குஞ்சு. ஜோர்ஜ் இல்லாத வீட்டுக்கு வரப் பழகிவிட்டேன், எல்சியும் இல்லாத வீட்டுக்கு வர ஏலாது என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தீனி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஆக, என் வேலை ஒன்றுதான். டொரீன் படலையைத் திறந்து வரும்போது எல்சி உயிரோடு நிற்க வேண்டும்.

3

கோழிக்காக ஏன் இந்த மனுசன் இவ்வளவு பயப்பட்டான் என்று நினைப்பீர்கள். ஒரு காரணம் இருக்கிறது.

போன வருடம் மே மாதம் ஊரில் சண்டை முடிந்ததல்லவா, அன்றைக்குப் பேக்கரியில் என் மேலாள் ரி.வி.யில் செய்தி பார்த்துவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னான். நல்ல பொடியன். உங்கள் நாட்டில் யுத்தம் முடிந்துவிட்டது, இனிச் சந்தோசம்தானே என்கிறான். எனக்கு நன்றி சொல்வதா, விம்முவதா என்று தெரியவில்லை. வாயில் வந்தது ‘சேம் டு யூ’. தர்ஷி இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரி மகள். அன்றைக்குப் பின்னேரம் வரைக்கும் நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்.

அன்று பின்னேரம் டொரீன் வேலிக்கு மேலால் ஒரு முட்டைப் பெட்டியை நீட்டினார். சண்டையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. இன்றைக்குக் கோழிகள் கூடுதலாய்ப் போட்டுவிட்டன என்றார். உள்ளே கொண்டுவந்து திறந்து பார்த்தால், ஒவ்வொரு முட்டையிலும் சிவப்பு மையில் கடை முட்டைக்குக் குத்துகிற முத்திரை. தன் கோழி போடாததால் கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார். அம்மா அந்த முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுப்பை மூட்டி முட்டையை அவித்தார்.

அப்படிப்பட்ட மனுசியின் கோழி.

4

இங்கத்தைய மாரியை ஊராட்களுக்கு எப்படிச் சொல்வது? நம் ஊர் மழைக்குக் கோபம் வரும். கொட்டும், வாவி நிரம்பும், ரோட்டை மூடும், பிறகு ஒரு நாள் வெயில் எறித்து எல்லாவற்றையும் காய வைக்கும். இந்த ஊர் மழைக்குக் கோபமும் இல்லை, எழும்பிப் போகிற எண்ணமும் இல்லை. பின்னேரம் நாலு மணிக்கே வெளிச்சம் போய்விடும், மழை போகாது. நம் ஊர்க் கோழி பூவரசில் ஏறிக் குந்தி, விடிய இறங்கி உதறிவிட்டுப் போகும். இங்கே உதறினாலும் காய்வதற்கு வெயில் இல்லை.

டொரீன் போய்ச் சில நாளில், காலையில் வேலை முடிந்து வந்து கூட்டைத் திறந்தேன். தலையணையைக் கிழித்துக் கொட்டியது போல உள்ளே ஒரே இறகு. நரி புகுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பார்த்தால் மூன்று பேரும் இருக்கிறார்கள். டில்லியும் பாமும் சுகம். எல்சிதான் கழுத்திலும் நெஞ்சிலும் இறகில்லாமல், யாரோ பாதி உரித்துவிட்டுப் போனது போல நிற்கிறாள். வால் இல்லவே இல்லை. தோலில் வெள்ளையாய், முள் முள்ளாய் ஏதோ முளைத்திருக்கிறது.

டொரீனுக்குப் போன் எடுத்தேன். மருந்து மயக்கத்தில் மெதுவாகப் பேசினார். நீளமாக ஏதோ சொன்னார். அதில் எனக்குப் பிடிபட்டது ஒரு சொல். ‘மோல்ட்.’

மகன், மற்ற எந்தச் சொல் தெரியாவிட்டாலும் இந்தச் சொல் எனக்குத் தெரியும். இந்த வீட்டுக் குளியலறைச் சுவரில் கறுப்பாய்ப் படர்ந்து கிடக்கிறதே பூஞ்சணம், அதற்குப் பெயர் மோல்ட். அதற்காக வீடு தந்த கவுன்சிலோடு எவ்வளவு காலம் மல்லுக்கட்டினோம். தர்ஷி இந்த நாட்டில் எழுதிய முதல் கட்டுரையே அந்த முறைப்பாடுதான். கடைசியில் ஒருவன் வந்து, சுவரை விரலால் தடவி, மணந்து பார்த்து, நீங்கள் சோறு கூடுதலாய் அவிக்கிறீர்கள், ஆவிதான் காரணம், சன்னலைத் திறந்து வையுங்கள் என்றான். திறந்தால் கூதல். மூடினால் மோல்ட். அப்படி எங்களோடு குடித்தனம் நடத்துகிற சொல்லை நான் மறப்பேனா?

எல்சிக்குப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. எல்லாம் பொருந்தியது. ஈரம், இறகு உதிர்வு, தோலில் முளைத்திருக்கிற வெள்ளை முள். போனை வைத்துவிட்டு நேரே குசினிக்குப் போனேன்.

உங்களுக்குத் தெரிந்த விசயம்தான், ஊராட்களுக்காக எழுதுகிறேன். பறவை பழைய இறகைக் கழற்றிப் புது இறகு போடுவதற்கும் இங்கிலீசில் ஏறக்குறைய அதே சொல்தானாம். வயது போன கோழி அதைப் பிந்திச் செய்யுமாம், சில நேரம் நடுக் கூதலில். அந்த முள்தான் புது இறகு. எழுதும்போது ஓர் எழுத்து வித்தியாசமாம். காதுக்கு எழுத்துத் தெரியாதே.

5

பூஞ்சணத்துக்கு நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? மஞ்சளும் தேங்காய் எண்ணெயும். பிள்ளையின் சொறிக்கு அதுதான், கோழி அம்மைக்கும் அதுதான். இங்கே மாரியில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கல்லாய் இறுகிக் கிடக்கும். போத்தலை ஹீட்டருக்கு மேல் வைத்துக் காத்திருந்தேன்.

“என்ன செய்யப் போறீங்க?” என்று அம்மா கேட்டார்.

“எல்சிக்கு மோல்ட் பிடிச்சிருக்கு புள்ள.”

“கோழிக்குமா? கவுன்சிலுக்கு எழுதுங்க மறுகா.”

நான் காதில் வாங்கவில்லை. மஞ்சளைக் குழைத்து, எல்சியை மடியில் வைத்து, கழுத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் அழுத்திப் பூசினேன். முதலில் உதைத்தாள். எண்ணெய் இளஞ்சூடாக இருந்ததால் பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு வைத்தியர் என்ற நினைப்பு வந்துவிட்டது. தொற்றக்கூடாதென்று டில்லிக்கும் பாமுக்கும் பூசினேன். வாடைக்காற்றுப் படாமல் கூட்டின் மேல் ஓட்டைகளைக் குப்பைப் பையால் அடைத்தேன்.

பின்னேரம் தர்ஷி வந்தாள். “அப்பா, ஏன் கோழியெல்லாம் மஞ்சள்?” என்றாள். சொன்னேன். புத்தகப் பையைக் கீழே வைத்தாள். பிறகு வாசற்படியில் குந்தியிருந்து சிரித்தாள். சிரித்து முடித்து எனக்கு அந்தச் சொல்லை விளங்கப்படுத்தினாள். உடனே அண்ணனுக்குப் போன் எடுத்தாள். நிரோஜன், நீ மண்டபத்தில் சொன்னது இதுவரைக்கும் சரியாகத்தான் இருந்தது.

எண்ணெய் தானாய்ப் போய்விடும் என்று நான் நினைத்தேன்.

6

கோழி கூதலைத் தாங்குவது உடம்புச் சூட்டால் மட்டும் இல்லை. இறகை உப்பி, இடையில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் காற்றுத்தான் அதற்குப் போர்வை. மழைக்கும் அது தன் வாலடியில் ஊறுகிற நெய்யை எடுத்துத் தானே இறகில் பூசிக்கொள்கிறது, தண்ணீர் வழுக்கிப் போய்விடும். இது எனக்குப் பிறகு தெரிந்தது. என் எண்ணெய் நேரெதிர் வேலை செய்தது. கூதலில் அது திரும்ப இறுகி, இறகையெல்லாம் கற்றை கற்றையாய் ஒட்டி, எல்சியை மெழுகுதிரி ஆக்கிவிட்டது. உப்ப முடியாது. தண்ணீர் நேரே தோலுக்குப் போகும். தோலிலோ இறகு பாதி இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் சாய்ந்து அடித்தது மழை. நான் வேலை முடிந்து வந்து நித்திரை. எழும்பிப் பின்கதவைத் திறந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. டில்லியும் பாமும் கூட்டின் தாழ்வாரத்தில் ஒடுங்கி நின்றார்கள். எல்சி தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் சேற்றில் படுத்திருந்தாள். கொண்டை நீலம் பாரித்திருந்தது. தூக்கினால் கழுத்துத் தொங்கியது.

சுவெற்றருக்குள் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தேன். கோழி வாசற்படி தாண்டக்கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். அம்மா வீட்டில் இல்லை, கடைக்குப் போயிருந்தார். மிருக வைத்தியரின் இடத்துக்குப் போன் எடுத்தேன். எடுத்த பெண் முதலில் கோழியின் பெயர் கேட்டாள். பிறகு சாதி கேட்டாள். பிறகு பிறந்த திகதி கேட்டாள். ஒன்பது வயது, உத்தேசமாக என்றேன். நம் குடும்பத்தின் பிறப்புப் பத்திரங்களைக் கடல் கொண்டுபோன பிறகு அரசாங்கக் கச்சேரியில் எங்களுக்கும் உத்தேச வயதுதானே தந்தார்கள். எல்சிக்கு மட்டும் சரியான திகதிக்கு எங்கே போவேன்? டொக்டர் நாளைக்குத்தான் பார்ப்பார் என்றாள் அந்தப் பெண். அந்த வயதுக் கோழியென்றால் ஊசி போட்டு நித்திரையாக்குவதும் ஒரு கருணைதான் என்று ஆறுதலாகச் சொன்னாள். உனக்கு எடுத்தேன் நிரோஜன். நீயும் அதையே சொன்னாய். “வயசு போன கோழி அப்பா, வேதனப்படுத்தாதீங்க.”

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் எனக்குக் கண்ணுக்குள் நின்றது டொரீன் தடியை ஊன்றிக்கொண்டு படலையைத் திறப்பது.

அந்த நேரம் அம்மா வந்தார். கடைப் பையை வைத்தார். என் சுவெற்றருக்குள் இருந்த தலையைப் பார்த்தார். சட்டம் பறையப் போகிறார் என்று நினைத்தேன்.

“இஞ்ச தாங்க,” என்றார்.

சிங்கில் வெதுவெதுப்பாய்த் தண்ணீர் பிடித்து, கோப்பை கழுவுகிற சோப்பை விட்டு, முள்ளில் விரல் படாமல், குழந்தைக்கு வார்ப்பது போல வார்த்தார். தண்ணீர் மஞ்சளாய் ஓடியது. மாற்றினார், திரும்ப மாற்றினார். மற்ற இரண்டையும் குளிப்பாட்டுவது என் பொறுப்பு. குளியலறையில் நான் பட்ட பாட்டை எழுதப்போவதில்லை, பாம் கொத்திய தழும்பு கையில் இருக்கிறது.

துவாய் முடிந்துவிட்டது என்று அம்மா கூப்பிட்டார். மேலே அலுமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன். அம்மா குசினி நிலத்தில், சூடேற்றி வைத்த அடுப்பில் முதுகைச் சாய்த்து இருந்தார். எல்சி மடியில். தர்ஷியின் தலைமயிர் காய வைக்கிற மெசினைக் குறைத்து வைத்து, தூரத்தில் பிடித்து, விரலால் இறகைக் கோதிக்கோதிக் காய வைத்துக்கொண்டிருந்தார். மெசின் சத்தத்தில் நான் வந்தது தெரியாது. கோழியோடு பேசிக்கொண்டிருந்தார்.

“எத்தின தரம் சொன்னனான்? ஈரத் தலையோட வெளிய போகாதகா எண்டு. கேட்டியா? வெயில்ல காயும் எண்டு சொல்லிப்போட்டுப் போனாய்.”

பிள்ளைகளே, எல்சிக்கு வெயில் தெரியாது. அது எல்சிக்குச் சொன்னது இல்லை.

உங்கள் சின்னம்மா சுகிக்குத் தலை துடைக்கிற பழக்கம் இல்லை. நாவலடியில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணற்றில் தலைக்கு வார்த்துவிட்டு, நத்தார்க் கேக் தின்ன வரச்சொன்ன கூட்டாளி வீட்டுக்குக் கடற்கரைப் பக்கம் வெளிக்கிட்டாள். துடைத்துவிட்டுப் போ என்று அம்மா சத்தம் போட்டார். வெயில்ல காயும் அக்கா என்று கையைக் காட்டிவிட்டுப் போனாள். பிறகுதான் கடல் வந்தது. நாங்கள் வாவிப் பக்கம் நின்றதால் தப்பினோம். சுகியை நாங்கள் எடுக்கவே இல்லை.

உங்களுக்குச் சின்னம்மா கடலில் போனது தெரியும். அம்மாவும் அவளும் கடைசியாய்ப் பேசியது தலைமயிரைப் பற்றி என்பது தெரியாது. ஐந்து வருடமாய் அம்மா அந்தப் பெயரைச் சொன்னதில்லை. வருடம் முடிய விளக்கேற்றுவார், பேச மாட்டார். அன்றைக்கு ஊரிலிருந்து வருகிற போனை என் கையில் தந்துவிடுவார்.

நான் துவாயோடு கதவடியில் நின்றேன். உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. கடைசியில் அம்மா கிறுகிப் பாராமலே சொன்னார்.

“நிண்டது காணும். துவாயக் கொண்டாங்க.”

அன்றிரவு எல்சிக்குக் குழைத்த சோறு விரலால் ஊட்டினார். விடிய நான் வேலையால் வந்து பார்த்தால், எல்சி குசினி நடுவில் எழும்பி நின்று, துடைத்த நிலத்தில் எச்சம் போட்டிருந்தாள். அம்மா அவளுக்கு ஏச்சு ஏச்சென்று ஏசிக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோசமாய் அம்மா ஒருவரை ஏசி நான் கேட்டு வெகு காலம்.

7

டொரீன் நத்தாருக்கு முன்னமே வந்துவிட்டார். தடியை ஊன்றி, நேரே பின்வளவுக்குத்தான் போனார். எல்சி நின்றாள். மஞ்சள் சும்மா போகுமா, லேசாய் இருந்தது. டொரீன் அவளைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எல்லாவற்றையும் சொன்னேன், தர்ஷி பிழை திருத்தினாள். மனுசி வெட்டின இடத்தைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதே, தையல் பிரிந்துவிடும் என்று கெஞ்சினார். பிறகு கூட்டைத் திறந்து நான் அடைத்த குப்பைப் பைகளை ஒவ்வொன்றாய் உருவினார். உள்ளே பலகையெல்லாம் வியர்த்து, மூலையில் கறுப்பாய்ப் படரத் தொடங்கியிருந்தது. அதைக் காட்டி, இதுதான் நீ தேடிய மோல்ட் என்றார். மேலே ஓட்டை இருந்தால் மூச்சு ஆவி போகும், கோழி குந்துகிற உயரத்தில்தான் காற்று அடிக்கக்கூடாது என்று கையைக் கையை ஆட்டி விளங்கப்படுத்தினார். இந்த முறை விளங்கித்தான் தலையாட்டினேன்.

நத்தாருக்கு அடுத்த நாள் வழக்கம் போல விளக்கேற்றினோம். நிரோஜன், நீ கூட்டாளிமாரோடு போயிருந்தாய், குற்றமாய்ச் சொல்லவில்லை. அன்று அம்மா தர்ஷியைப் பக்கத்தில் இருத்தி, “உன்ர சின்னம்மா தல துடைக்க மாட்டா, தெரியுமா?” என்று தொடங்கினார். பிறகு நிறுத்தவே இல்லை. சுகி தோணியிலிருந்து வாவிக்குள் விழுந்தது, சைக்கிள் பழகப் போய் ஏறாவூர்ச் சந்தையில் ஒரு வாப்பாவின் தக்காளிக் கூடைக்குள் விட்டது, எனக்கு வைத்த பட்டப்பெயர் என்ன என்பது உட்பட எல்லாம் சொன்னார். அந்தப் பெயரைத் தர்ஷி உனக்குச் சொன்னாளோ தெரியாது. நான் சொல்லப்போவதில்லை.

அதனால்தான் மகன், நீ மண்டபத்தில் மெசினைப் பிடித்து நடித்தபோது அம்மா எழும்பிப் போனார். கோபம் இல்லை. உனக்கு யாரும் சொல்லாமல் இருந்த விசயம் அது. இப்போது தெரியும். ஒரு சனிக்கிழமை வா. அம்மாவிடம் சுகி சின்னம்மாவைப் பற்றிக் கேள். போனில் கேட்காதே. பக்கத்தில் இருந்து கேள். கதையையும் விடாதே, அடுத்த பொங்கலுக்கும் சொல்லு. நான் நடப்பது அப்படியில்லை, அதை மட்டும் திருத்திக்கொள்.

மண்டபத்திலிருந்து வந்த அன்று பின்னேரம் நீங்கள் இரண்டு பேரும் ரி.வி.க்கு முன்னால், அம்மா குசினியில். வெளியே மழை. கோழிகள் இப்போது டொரீனின் பொறுப்பு, நான் போக வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் வேலி இடைவெளியால் புகுந்து போய்க் கூட்டைத் திறந்தேன். மூன்று பேரும் தடியில் ஏறிக் குந்திவிட்டார்கள், எல்சி நடுவில். சிறகுக்குக் கீழே கையை விட்டேன். புது இறகு. அடிவரைக்கும் காய்ந்து, சூடாய் இருந்தது. எல்சி கண்ணைத் திறக்காமலே என் விரலைக் கொத்தினாள். கதவைக் கொளுவிவிட்டு வந்தேன்.